‘உன் அப்பாவுக்கு அனுப்பிவிடுவேன்’

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், கணியம்பாடியை ஒட்டி ஒரு செல்போன் கடை நடத்துகிறேன். டிஸ்பிளே மாற்றவும் டெம்பர் கிளாஸ் ஒட்டவும் ரீசார்ஜ் செய்யவும் வருகிறவர்கள்தான் எப்போதும் அதிகம். ஆனால் 2020-ல் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடி, வகுப்புகள் போனுக்குள் வந்த பிறகு புதிதாக ஒரு கூட்டமும் வரத் தொடங்கியது. பிள்ளையின் போனைக் கையில் வைத்துக்கொண்டு, “இதில் என்னதான் செய்கிறான் என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேட்கிற பெற்றோர். “கண்டதையும் பார்க்க முடியாதபடி ஒரு லாக் போட்டுக் கொடுங்கள்” என்பவர்களும் உண்டு.

லாக் போடத் தெரியும், போட்டும் கொடுக்கிறேன். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. என் கடைக்கு வந்த தொல்லைகளில் பெரும்பாலானவை முளையிலேயே கிள்ளியிருக்கக்கூடியவை. அவை வளர்ந்ததற்குக் காரணம், பிள்ளை வீட்டில் சொல்லப் பயந்ததுதான். முன்பின் தெரியாத ஒருவன் எங்கிருந்தோ மிரட்டுகிறான். அவனுக்குக் கணியம்பாடி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அவன் முதல் போட்டுத் தொழில் செய்வது நம் வீட்டுக் கோபத்தை வைத்து. ‘உன் அப்பாவுக்கு அனுப்பிவிடுவேன்’ என்ற ஒரு வரிக்குப் பிள்ளைகள் நடுங்குகிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அப்பாக்களுக்கு அது தெரிவதில்லை.

ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பத்தாம் வகுப்புப் பெண். சித்தியோடு வந்தாள். சிம் மாற்ற வேண்டும், பழைய எண் வேண்டாம் என்றாள். எண்ணை மாற்றினால் வங்கிக் கணக்கு, ஆதார் எல்லாவற்றிலும் மாற்ற வேண்டுமே, எதற்கு என்று கேட்டேன். பதில் இல்லை. கண்ணாடி மேசை மேல் இருந்த அவளுடைய போன் அதிரும்போதெல்லாம் அதைக் குப்புறக் கவிழ்த்தாள். ஏற்கெனவே குப்புறத்தான் இருந்தது. அதை நிமிர்த்தி மறுபடியும் கவிழ்த்தாள். அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. “யாராவது மிரட்டுகிறார்களாம்மா?” என்று கேட்டேன். சித்தியைப் பார்த்தாள். சித்திக்கும் அதுவரை தெரியாது.

புகைப்படம் பகிரும் செயலி ஒன்றில் தோழி மாதிரிப் பேசிப் பழகிய கணக்கு அது. ஊர்த் திருவிழாவுக்குப் பட்டுப்பாவாடை கட்டி எடுத்த படத்தைப் போட்டிருக்கிறாள். அந்த முகத்தை வேறோர் உடலோடு ஒட்டவைத்து அவளுக்கே அனுப்பியிருக்கிறான். ‘மாலை ஆறு மணிக்குள் நான் கேட்கிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பு. இல்லையென்றால் இதை உன் அப்பாவுக்கு அனுப்பிவிடுவேன்.’ அப்பாவின் பெயரையும் எழுதியிருந்தான். அவளுடைய கணக்கு எல்லோரும் பார்க்கும்படி திறந்து கிடந்தது. உறவினர் பட்டியலும் பள்ளிச் சீருடைப் படமும் அதிலேயே இருந்தன. பெயரைக் கண்டுபிடிக்க அவன் பெரிதாக ஒன்றும் உழைத்திருக்க மாட்டான்.

அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. இப்படி உதவி கேட்டு வரும் பிள்ளையிடம் படத்தைக் காட்டச் சொல்வது தேவையில்லாத கொடுமை. சித்தியிடம் இரண்டு விஷயங்களைச் சொன்னேன். எதையும் அழிக்காதீர்கள். அப்பாவை வரச் சொல்லுங்கள்.

இரண்டாவதைக் கேட்டதும் அந்தப் பெண் அழுதுவிட்டாள். “படிப்பை நிறுத்திவிடுவார் அண்ணா” என்றாள்.

அவர் மேஸ்திரி. வேலை செய்த இடத்திலிருந்து சிமெண்ட் படிந்த சட்டையோடு வந்தார். முதலில் கத்தத்தான் செய்தார். போன் வாங்கிக் கொடுத்தது யார், இனி வீட்டில் போனே கிடையாது என்றெல்லாம் சொன்னார். சித்தி அவரைக் கடைக்கு வெளியே அழைத்துக்கொண்டு போய் வெகுநேரம் பேசினாள். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. உள்ளே வந்தவர் முக்காலியை இழுத்துப் போட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து மறுபடியும் போன் அதிர்ந்தது. ‘கடைசி எச்சரிக்கை. இன்னும் பத்து நிமிடத்தில் உன் அப்பாவுக்குப் போய்விடும்.’ அதைப் படித்துக்கொண்டிருந்ததே அப்பாதான். அந்த இடத்தில் அவனுடைய கதை முடிந்துவிட்டது. மிரட்டுவதற்கு அவனிடம் அதற்குமேல் சரக்கு இல்லை.

அதன்பின் நாங்கள் செய்த வேலையை அதே வரிசையில் எழுதுகிறேன், இந்த வரிசை முக்கியம். பயத்தில் எல்லோரும் முதலில் செய்வது, அவனை பிளாக் செய்து உரையாடலை அழிப்பது. அப்படிச் செய்தால் காவல் துறைக்குக் காட்ட ஒன்றும் மிஞ்சாது. ஆகவே முதலில் உரையாடலைத் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். அவன் கணக்கின் முகவரி இணைப்பைத் தனியாக நகலெடுத்து வைத்தோம். திரையில் தெரியும் பெயரை அவன் எந்த நிமிடமும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் பெயரை மட்டும் குறித்து வைப்பது போதாது. பணம் கேட்டிருந்தால் அவன் கொடுத்த யுபிஐ முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எடுத்திருப்போம். அவனுக்குப் பதில் ஒரு வரிகூட அனுப்பவில்லை. அப்பா இரண்டு முறை போனைக் கேட்டார், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்றார். வேண்டாம் என்றேன். பதில் வந்தால் எதிரில் ஆள் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், தொடர்ந்து வருவான். எல்லாவற்றையும் சேமித்த பிறகுதான் செயலியிலேயே புகார் அளித்து, பிளாக் செய்தோம்.

அடுத்தது அரசுப் புகார். மத்திய உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்றத் தளமான சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்-னில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. பெயர் சொல்ல விரும்பாதவர்கள் பெயரில்லாமலும் அங்கே தகவல் கொடுக்கலாம். ஆனால் வழக்கு நடக்க வேண்டும் என்றால் பெயரோடு கொடுப்பதே நல்லது, நடவடிக்கை என்ன ஆனது என்று பின்தொடரவும் முடியும். வேலூர் மாவட்டத்துக்கென்று சைபர் கிரைம் காவல் நிலையமும் இருக்கிறது. மறுநாள் அப்பாவும் சித்தியும் அவளை அங்கே அழைத்துப் போனார்கள்.

படம் பரவிவிடுமோ என்ற பயத்துக்கும் ஒரு வழி உண்டு, பலருக்கு இது தெரியாது. அமெரிக்காவில் காணாமல் போன, சுரண்டலுக்கு ஆளான குழந்தைகளுக்கான தேசிய மையம் ‘டேக் இட் டவுன்’ என்ற பெயரில் ஓர் இலவச சேவை நடத்துகிறது. 18 வயதுக்குள் எடுத்த ஆபாசப் படங்களுக்கானது. எந்த நாட்டிலிருந்தும் பயன்படுத்தலாம், பெயர் கொடுக்க வேண்டியதில்லை. நம் போனில் இருக்கும் படத்தைத் தேர்ந்தெடுத்தால் அதிலிருந்து ஓர் எண் குறியீடு மட்டும் உருவாகும். படம் போனை விட்டு வெளியே போகாது. அந்தக் குறியீடு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் போன்ற நிறுவனங்களுக்குப் போகும். அதே படம் அங்கே பொது வெளியில் ஏற்றப்பட்டால் அவர்களால் கண்டுபிடித்து நீக்க முடியும். வாட்ஸ்அப் போன்ற பூட்டப்பட்ட உரையாடல்களுக்குள் இது நுழையாது. ஆனாலும் அந்தப் பெண் அன்று இரவு தூங்கியதற்கு இது ஒரு காரணம் என்று சித்தி பிறகு சொன்னாள். 18 வயதைக் கடந்தவர்களுக்கு இதேபோல் ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற சேவை இருக்கிறது.

ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்துவிடாதீர்கள். உதவி கேட்பதாக நினைத்துக்கொண்டு அந்தப் படத்தை மாமாவுக்கும் ஆசிரியருக்கும் தெரிந்த வக்கீலுக்கும் அனுப்பாதீர்கள். 18 வயதுக்குக் கீழானவரின் ஆபாசப் படத்தைப் பரப்புவதும், அந்த நோக்கத்தோடு வைத்திருப்பதும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். முகத்தை மாற்றி ஒட்டிய படமும், கணினியில் உருவாக்கிய படமும் 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இதில் அடங்கும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும் இதற்குத்தான். உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் கைவசம் இருந்தால் போதும். படத்தை வேறு யாருக்கும் அனுப்பாமல், அந்தப் போனையே காவல் துறையிடம் காட்டுங்கள்.

காவல் நிலையம் என்றாலே நம் பக்கத்துக் குடும்பங்கள் பின்வாங்குகின்றன. பெண் பிள்ளையை ஸ்டேஷன் வாசலில் நிறுத்துவதா என்று கேட்கிறார்கள். போக்சோ சட்டத்தின் 24-வது பிரிவு இந்தப் பயத்தை நினைத்தே எழுதப்பட்டிருக்கிறது. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ, பிள்ளை விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். முடிந்தவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும். அவர் சீருடையில் இருக்கக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பிள்ளையின் பெயரையோ பள்ளியையோ செய்தியில் வெளியிடவும் தடை இருக்கிறது. இவை யாரும் தயவு பார்த்துக் கொடுப்பவை அல்ல, சட்டம் கொடுத்த உரிமைகள். கேட்டுப் பெறுங்கள்.

அந்தக் கணக்கு சில நாட்களில் முடங்கியது. அந்தப் பெண் இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். பழைய எண்ணையே வைத்திருக்கிறாள்.

ஆண் பிள்ளைகளுக்கு இதெல்லாம் வராது என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வருகிறது, அவர்கள் இன்னும் குறைவாகத்தான் வெளியே சொல்கிறார்கள். ஒரு பெண் பெயரில் நட்பு அழைப்பு வரும். இரண்டு நாள் பேச்சு, பிறகு வீடியோ அழைப்பு. எதிர்ப்பக்கம் ஓடுவது ஏற்கெனவே பதிவு செய்த படம். இந்தப் பக்கம் பையனின் முகத்தைப் பதிவு செய்துகொள்கிறார்கள். அதன்பின் பணம் கேட்பார்கள். கொடுத்தால் விடுவார்கள் என்று நினைத்துக் கொடுக்கிறான். கொடுத்ததே அடுத்த மிரட்டலுக்கு அழைப்பாகிவிடுகிறது. காவல் அதிகாரி என்ற பெயரில் இன்னொருவன் அழைத்து, வழக்கை முடிக்கப் பணம் கேட்பதும் உண்டு. பதினேழு வயதுப் பையன் ஒருவன் தன் சைக்கிளை விற்றும் போதாமல், வாங்கிய போனையே என்னிடம் விற்க வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பிள்ளை திடீரென்று பணம் கேட்டாலோ, பொருளை விற்றாலோ, சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டுவிட்டு போனை மட்டும் விடாமல் பிடித்திருந்தாலோ, “சூதாடுகிறாயா, குடிக்கிறாயா” என்று தொடங்காதீர்கள். “யாராவது உன்னிடம் பணம் கேட்கிறார்களா?” என்று கேளுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள். சைபர் பண மோசடிக்கான தேசிய எண் அது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு தூரம், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கிறது.

இப்போது லாக் விஷயத்துக்கு வருகிறேன்.

புதுப் போன் வாங்கியதும் கூகுள் கணக்கு தொடங்குகிறோம். கடைகளில் அவசரத்துக்கு 1.1.1990 என்று ஏதோ ஒரு பிறந்த தேதியைத் தட்டிவிடுகிறார்கள். சில வீடுகளில் அப்பாவின் கணக்கையே பிள்ளையின் போனிலும் போட்டுவிடுகிறார்கள். இதனால் வரும் விளைவு யாருக்கும் உறைப்பதில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அந்தப் போன் நடுத்தர வயதுக்காரராக நினைத்துக்கொள்கிறது. யூடியூப் பரிந்துரையிலிருந்து விளம்பரம் வரை எல்லாம் அந்த வயதுக்குத் தகுந்தபடி வருகின்றன. பிள்ளைகளுக்கென்று நிறுவனங்கள் வைத்திருக்கும் பாதுகாப்பு ஒன்றுகூட வேலை செய்யாது. இன்ஸ்டாகிராமில் சேர 13 வயது ஆகியிருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழானவர்களுக்கான ‘டீன் அக்கவுன்ட்’ 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. கணக்கு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அறிமுகமில்லாதவர் செய்தி அனுப்ப முடியாது. இரவு பத்து முதல் காலை ஏழு வரை அறிவிப்புகள் வராது. 16 வயதுக்குக் கீழ் என்றால் இதைத் தளர்த்தப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். இத்தனையும் உண்மையான பிறந்த தேதி கொடுத்தால்தான். வயதைக் கூட்டிப் போடும் பழக்கத்தை நம் பெற்றோர் இன்றைக்கே விட வேண்டும்.

பதின்மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் கூகுளின் ‘ஃபேமிலி லிங்க்’ போதுமானது, இலவசம். பிள்ளைக்கென்று தனிக் கணக்கு தொடங்கி நம் போனோடு இணைத்துவிடலாம். எந்தச் செயலியை ஏற்றினாலும் நமக்குக் கேட்டு வரும். நேரக் கட்டுப்பாடும் வைக்கலாம். சின்னப் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது நம் போனைக் கொடுப்பதாக இருந்தால், யூடியூப் கிட்ஸ் செயலியைத் திறந்து கொடுங்கள். பெரியவர்கள் பார்த்ததை வைத்துத்தான் சாதாரண யூடியூப் அடுத்த வீடியோவைத் தேர்ந்தெடுக்கிறது.

விளையாட்டில் பணம் போன கதைகள் எங்கள் கடையில் தனி அத்தியாயம். ஓர் அம்மா வந்தார், கணவர் ராணுவத்தில். துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஒன்றில் ‘டைமண்ட்’ வாங்கி வாங்கி, மகன் வங்கிக் கணக்கைக் கரைத்திருந்தான். “பாஸ்வேர்டு யாருக்கும் சொல்லவில்லை தம்பி, கைரேகை வைத்தால்தான் பணமே போகும்” என்று அடித்துச் சொன்னார். போனின் அமைப்புகளில் கைரேகைப் பட்டியலைத் திறந்து காட்டினேன். ஐந்து விரல்கள் பதிவாகியிருந்தன. அவர் பதிந்தது இரண்டு. அம்மா தூங்கும்போது போனைத் திறக்க வசதியாக இருக்கட்டும் என்று மகன் தன் விரல்களையும் சேர்த்துக்கொண்டிருக்கிறான். வங்கியிலிருந்து வரும் எஸ்எம்எஸ் வந்த கையோடு அழிந்துகொண்டிருந்தது.

இதைப் படிக்கிறவர்கள் தங்கள் போனிலும் அந்தப் பட்டியலை ஒரு முறை திறந்து பாருங்கள். உங்களுடையது அல்லாத விரலை நீக்குங்கள். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சரிபார்ப்பு கேட்கும்படி வையுங்கள். பிள்ளை விளையாடும் போனில் யுபிஐ வேண்டவே வேண்டாம். பிள்ளை தெரியாமல் வாங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் கூகுள் பிளேயில் பணத்தைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள். பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் விளையாட்டுகள் வேறு வகை. அவற்றைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாடு 2022-லேயே சட்டம் இயற்றியது, 2025-ல் மத்திய அரசு நாடு முழுவதும் தடை செய்தது. ஆனாலும் டெலிகிராமில் வரும் இணைப்பு வழியாக, பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து ஏபிகே கோப்பாக, அதாவது செயலியை நேரடியாக நிறுவும் கோப்பாக, அவை இறங்குகின்றன. போனின் அமைப்புகளில் ‘தெரியாத செயலிகளை நிறுவ அனுமதி’ என்பது பிரவுசருக்கும் டெலிகிராமுக்கும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால் மூடுங்கள்.

எங்கள் பக்கத்துக்கென்று ஒரு தனிக் கவலையும் உண்டு. ராணுவத்துக்கு ஆள் அனுப்புவதில் பெயர் பெற்ற கம்மவான்பேட்டை இங்கிருந்து பக்கம்தான். அப்பா எல்லையில் இருக்கிறார், அவரைப் பார்க்க வீடியோ அழைப்பு ஒன்றுதான் வழி, அதற்காகவே போன் வாங்குகிறார்கள். அப்பாவின் சீருடைப் படத்தைப் பிள்ளை பெருமையோடு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிறது. அந்தப் பெருமையில் தவறே இல்லை. ஆனால் படைப்பிரிவின் சின்னம், இருக்கும் இடம், விடுமுறைக்கு வரும் தேதி இவற்றை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைப்பது அப்பாவுக்கே ஆபத்து. ராணுவம் 2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்பட 89 செயலிகளைத் தன் வீரர்கள் நீக்க வேண்டும் என்று உத்தரவிட்டதே இந்தக் காரணத்துக்காகத்தான். அப்பாவைப் பற்றி விசாரிக்கும் புது நண்பர்களுக்குப் பதில் சொல்லக் கூடாது என்பதை ராணுவ வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லுங்கள். காரணத்தைச் சொன்னால் அவர்கள் மற்றப் பிள்ளைகளைவிடக் கவனமாக இருக்கிறார்கள், அதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகும் அம்மாக்கள். விடிந்ததும் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது, இருட்டும்போதுதான் திரும்பக் கொண்டுவந்து விடுகிறது. பள்ளி விட்டு வந்த பிள்ளைக்கு அந்த இடைவெளியில் துணை, பாட்டியும் போனும்தான். இவர்களிடம் போய் ‘பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்து கண்காணியுங்கள்’ என்று அறிவுரை சொல்வது அர்த்தமில்லாதது. முடியக்கூடியதைத்தான் சொல்கிறேன். அம்மா வரும்வரை குறிப்பிட்ட செயலிகள் மட்டும் திறக்கும்படி ஃபேமிலி லிங்க்கில் நேரம் வைத்துக் கொடுக்கிறேன். பாட்டியின் போனுக்கும் லாக் போடச் சொல்கிறேன். பிள்ளையின் போனைப் பூட்டிவிட்டுப் பாட்டியின் போனைத் திறந்து போட்டிருக்கும் வீடுகள் ஏராளம். இரவில் எல்லோருடைய போனும், அப்பாவுடையது உள்பட, கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜ் ஏற வேண்டும். அப்பா மட்டும் போர்வைக்குள் போன் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த விதி ஒரு வாரம்கூடத் தாங்காது.

வாட்ஸ்அப்பில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முகப்புப் படத்தையும் ஸ்டேட்டஸையும் தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றுவது, குழுக்களில் சேர்க்கும் உரிமையையும் அவர்களுக்கு மட்டும் கொடுப்பது, கூடுதலாக ஒரு ரகசிய எண் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போடுவது, இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதியில் தெரியாத கணினி ஏதாவது இருக்கிறதா என்று அவ்வப்போது பார்ப்பது. கடைசியாகச் சொன்னது முக்கியம். வகுப்பில் ஒரு நிமிடம் போனை வாங்கி, தன் சாதனத்தோடு இணைத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பிள்ளைக்குத் தெரியாமல் அவன் செய்தியை எல்லாம் படிக்கும் உளவுச் செயலியைப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டால் மறுத்துவிடுகிறேன். இதற்காகச் சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போயிருக்கிறார்கள். அந்தச் செயலிகள் போனில் உள்ள அத்தனைக்கும் அனுமதி கேட்பவை. பிள்ளையின் படமும் பேச்சும் எந்த நாட்டுக் கணினியில் போய்ச் சேர்கின்றன என்று வாங்கிக் கொடுத்த அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பிள்ளை அதைக் கண்டுபிடிக்கவும் அதிக நாள் ஆகாது. கண்டுபிடித்த பிறகு பழைய போன் ஒன்றை மலிவாக வாங்கி ஒளித்துவைத்துக்கொள்வான். அந்த இரண்டாவது போன் யார் கண்ணிலும் படாது. ஃபேமிலி லிங்க் மாதிரி பிள்ளைக்குத் தெரிந்தே வைக்கும் கட்டுப்பாட்டில் இந்தச் சிக்கல் இல்லை. ஏன் வைக்கிறோம், எப்போது தளர்த்துவோம் என்று பேசிவிட்டு வைக்கலாம். பத்தாம் வகுப்பில் இருந்த கட்டுப்பாடு பன்னிரண்டாம் வகுப்பில் அப்படியே இருக்கக் கூடாது.

இந்தப் பேச்சுத்தான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருக்கிறது என்று அப்பாக்கள் சொல்கிறார்கள். என்ன சொல்லித் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் இந்த வார்த்தைகளையே சொல்லிக் கொடுக்கிறேன்: “போனில் யாராவது உன்னை மிரட்டினால், நீ என்ன செய்திருந்தாலும் சரி, முதலில் என்னிடம் வா. அன்றைக்கு உன்னைத் திட்ட மாட்டேன். போனைப் பிடுங்க மாட்டேன். படிப்பை நிறுத்த மாட்டேன்.” பெண் பிள்ளையாக இருந்தால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: “மாப்பிள்ளை பார்க்க மாட்டேன்.” எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் மறைப்பதற்கு அடியில் இருக்கும் உண்மையான பயம் அதுதான். 18 வயதுக்குமுன் பெண்ணுக்குத் திருமணம் செய்வது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். மிரட்டப்பட்ட பிள்ளைக்கு அதுவே தண்டனையாகக் கிடைத்தால், அதைப் பார்க்கும் தங்கையும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் வாய் திறப்பார்களா?

இந்த வார்த்தைகளை ஒரு தடவை சொன்னால் போதாது. செய்தித்தாளில் இப்படி ஒரு செய்தி வரும்போது, அதை எடுத்துப் பேசும்போது மறுபடியும் சொல்ல வேண்டும். அந்தச் செய்தியில் வரும் பெண்ணை “இதற்கெல்லாம் ஏன் படம் போட்டாள்” என்று நாம் ஏசினால், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் நம் பிள்ளை நாம் எப்படிப்பட்டவர்கள் என்று அங்கேயே முடிவு செய்துகொள்ளும்.

சொன்ன பிறகும் பிள்ளை யாரிடமும் பேசாமல் ஒடுங்கிக் கிடந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, ‘நாளாக நாளாகச் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடாதீர்கள், தனியாகவும் விடாதீர்கள். 14416 ‘டெலி மானஸ்’ என்ற அரசின் மனநல உதவி எண், இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது, பிள்ளைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் அங்கே தனிப் பிரிவு உண்டு. நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பஸ் தூரம்தான்.

வீட்டில் சொல்லவே முடியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். தொல்லை கொடுப்பவரே உறவினராக இருக்கலாம். அவர்களுக்காகக் குழந்தைகள் உதவி எண்ணான 1098 இருக்கிறது, குழந்தைகளே நேரடியாக அழைக்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும் மாணவர்கள் புகாராகச் சொல்லலாம். என் கடையில் போன் வாங்குகிறவர்களுக்கு 1930, 1098, 14416 ஆகிய எண்களைப் பெயரோடு பதிந்து கொடுக்கிறேன். பாட்டியின் பட்டன் போன் பழுதுக்கு வந்தாலும் பதிந்துதான் அனுப்புகிறேன். இந்த எண்களை அழைக்க ஸ்மார்ட்போனும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம்.